ஏழாம் எண்ணின் சம்பளம்

சென்ற மாதம் நித்யா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவள். கோயம்புத்தூர்ப் பெண், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. எங்கள் ரக்பி லீக் கழகம் மறுபடியும் ஒரே ஆட்டக்காரனுக்குப் பெருந்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்ய யோசிக்கிறதாம்.

"மேடம், ஒரே ஆளுக்கு இவ்வளவு கொடுத்துட்டு கப் ஜெயிக்க முடியுமா? நீங்க இதே மாதிரி ஒண்ணைப் பார்த்திருக்கீங்கன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. அப்ப என்னதான் நடந்துச்சு?"

தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். இப்போது எழுத உட்கார்ந்தால் எண்கள் எதுவும் முன்னால் வரவில்லை. பிளாட் புஷ் என்ற புறநகரில் ஒரு வீட்டு வாசல்தான் வருகிறது. அங்கே போய்ச் சேருவதற்கு முன் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

நான் மன்னாரில் பிறந்து, கொழும்பில் கணக்கியல் படித்து, கல்யாணமாகி நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரத்துக்கு வந்தவள். முதல் சில வருடங்கள் ஒரு மீன் பதப்படுத்தும் நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போட்டேன். அது மூடப்பட்டபோது எங்களுக்கு ஏவன்டேலில் வாடகை வீடு, இரண்டு சின்னப் பிள்ளைகள். கழகம் சம்பளப் பிரிவுக்கு ஆள் தேடியது, விண்ணப்பித்தேன். ரக்பி லீக்கில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. நேர்முகத்தில் அதை ஒளிக்காமல் சொன்னேன். எதிரே இருந்த விரேமு சிரித்தார். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களுக்கெல்லாம் பொறுப்பானவர் அவர், இந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி மனிதர், பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"ஆட்டம் தெரிஞ்ச ஆக்கள் இங்க நிறையப் பேர் இருக்கினம், ஸ்டெல்லா. கணக்குக் கூட்டத் தெரிஞ்ச ஆள்தான் இல்லை" என்றார்.

ஆங்கிலத்தில்தான் சொன்னார். ஆனால் அந்தக் கழகத்து ஆட்கள் சொன்னதெல்லாம் என் மனதில் எங்கள் ஊர்த் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

என் வேலை இதுதான். எங்கள் லீக்கில் சம்பள உச்சவரம்பு உண்டு. பணக்காரக் கழகம், ஏழைக் கழகம் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் தங்கள் முப்பது ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து ஒரே தொகைக்குள்தான் செலவழிக்கலாம். தாண்டினால் அபராதம், புள்ளிகள் போகும், மானமும் போகும். முப்பது வரிகள் கொண்ட ஒரு தாள் என் பொறுப்பில் இருந்தது. சம்பளம் மட்டுமல்ல, ஒருவனுக்கு யாராவது இலவசமாகக் கார் கொடுத்தால் அதன் மதிப்பும் அவன் வரியில் ஏற வேண்டும். ஒரு தடவை இளம் ஆட்டக்காரன் ஒருவன் மாமாவின் நண்பர் கொடுத்தது என்று புதுக் காரில் வந்து இறங்கினான். நான் விரேமுவிடம் சொன்னேன். அவர் அந்தப் பையனைத் திட்டவில்லை. லீக் நிர்வாகத்துக்குத் தானே அழைத்து, எங்களிடம் ஒரு பிழை நடந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் காரிலேயே வீட்டில் இறக்கிவிட்டார்.

விரேமுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவனுக்கு ஒப்பந்தம் இல்லை என்ற செய்தியை அவர் தொலைபேசியில் சொல்ல மாட்டார், அலுவலகத்துக்குக் கூப்பிட்டும் சொல்ல மாட்டார். அவன் வீட்டுக்குப் போவார். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார். உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே, முதல் நிமிடத்தில், நின்றபடியே செய்தியைச் சொல்லிவிடுவார். பிறகு அவர்கள் இரு என்றால் எவ்வளவு நேரமும் இருப்பார், போ என்றால் போவார். ஒருவனுடைய வீட்டில் சாப்பிட்டுவிட்டு அவனை வேலையை விட்டு அனுப்பக்கூடாது என்பது அவருடைய கொள்கை. என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தாளைப் போட்டவள் நீ, அந்தத் தாள் எங்கே போய் முடிகிறது என்று நீ பார்க்க வேண்டும் என்பார்.

இனி அந்த ஏழாம் எண். ரக்பி லீக்கில் ஏழாம் எண் போட்டவன் ஹாஃப்பேக். பந்தை யாருக்குக் கொடுப்பது, எப்போது உதைப்பது, எந்தப் பக்கம் ஓடுவது எல்லாம் அவன் தலைக்குள் நடக்கும். அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் இருக்கிறாரே, ஏறக்குறைய அந்த இடம். அங்கேயும் உச்சவரம்பு உண்டு, அங்கேயும் இதே சண்டை. குவார்ட்டர்பேக்குக்கு அள்ளிக் கொடுத்தால் அவரைக் காக்கிறவர்களுக்குக் கொடுக்க மிச்சம் இராது என்று ஒரு கட்சி, அவர் இல்லாமல் மற்றவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னொரு கட்சி. விரேமு அதைப் பற்றி வந்த கட்டுரைகளை எனக்கு வாசிக்கத் தருவார். வாசித்து வாசித்து நானும் அந்த முதல் கட்சிக்காரியாகிவிட்டேன். ஆட்டத்தின் பதிவுகளை மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன். ஏழாம் எண்ணின் கையில் பந்து இருக்கும்போது அவனுக்கு யோசிக்க ஒரு விநாடிதான் கிடைக்கிறது. அந்த விநாடி தானாகக் கிடைப்பதில்லை. முன்வரிசையில் நிற்கிற பெரிய ஆட்கள் எதிராளிகள்மேல் போய் மோதி, விழுந்து, எழுந்து மறுபடி மோதி, அதை அவனுக்கு வாங்கித் தருகிறார்கள்.

என் கட்சிக்கு எதிரான அனுபவமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் சேர்ந்த இரண்டாம் வருடம், விலை கூடிப்போன ஒரு ஏழாம் எண்ணை விட்டுவிட்டு, அந்தப் பணத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தோம். எல்லோருக்கும் சந்தோஷம். களத்தில் வழிகாட்ட ஆளில்லை. அந்த வருடம் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தோம்.

ரீஸ் எங்கள் கழகத்திலேயே வளர்ந்த பையன். பக்குரங்காவில் அம்மா அப்பாவுடன் இருந்தான். நான் பார்த்த ஏழாம் எண்களில் அவன்தான் கெட்டிக்காரன். அவனுடைய அப்பாவும் ஒரு காலத்தில் ஆடியவர். இருபத்து நாலு வயதில் முழங்கால் போனது, ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு கூரியர் வான் ஓட்டினார். ரீஸின் ஒப்பந்தம் முடிகிற வருடம் சிட்னியிலிருந்து ஒரு கழகம் பெரிய தொகை பேசியது. அவனுக்கு இங்கேயே இருக்கத்தான் விருப்பம். அவனுடைய முகவர் அந்தத் தொகையையே எங்களிடமும் கேட்டார்.

நான் நிர்வாகக் குழுவுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தொகையைக் கொடுத்தால் முன்வரிசையிலிருந்து ஆட்களை விட வேண்டிவரும், அவனுக்கு அந்த ஒரு விநாடியை வாங்கித் தருகிறவர்களை விற்றுத்தான் அவனை வாங்குகிறோம் என்று எழுதினேன். விரேமு என்னையே குழுவின் முன் பேசவிட்டார். பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில், இந்தப் பையனை விட்டால் ஊர் மன்னிக்காது என்று முடிவெடுத்தார்கள். அவர்கள் சொன்னதும் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ரீஸ் நான்கு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் முப்பது பேரின் பட்டியலையும் லீக்கில் பதிய வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் உச்சவரம்புக்குள் அடக்க மூன்று வழிகள் போட்டுக் கொடுத்தேன். பயிற்சியாளர் மூன்றாவதைத் தேர்ந்தார். அதில் போகிறவர்களில் ஒருவன் மனாசே.

மனாசே தொங்கா தீவுக்காரன். முப்பத்தொரு வயது, முன்வரிசை. ரீஸ் பதினெட்டு வயதில் முதல் ஆட்டம் ஆடிய நாளிலிருந்து அவனுக்கு முன்னால் நின்றவன். ஆட்டக்காரர்கள் எல்லோரும் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் என் பிள்ளைகளின் பெயர்களைத் தெரிந்து வைத்து விசாரிக்கிறவன் மனாசே ஒருவன்தான். பிளாட் புஷ்ஷில் வீடு வாங்கி மூன்று வருடம். நான்கு பிள்ளைகள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் விரேமுவும் நானும் போனோம். கதவைத் திறந்த மனாசே விரேமுவின் முகத்தையும் பிறகு என் முகத்தையும் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் போனால் என்ன அர்த்தம் என்று கழகத்தில் எல்லோருக்கும் தெரியும். விரேமு சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து, வழக்கம்போல நின்றபடியே சொன்னார். அடுத்த வருடத்துக்கு உனக்கு எங்களிடம் இடமில்லை, உன் ஆட்டத்தில் குறை எதுவும் இல்லை, பட்டியலில் அடங்கவில்லை.

 மனாசே ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ரீஸ் சைன் பண்ணிட்டானோ?"

விரேமு ஓம் என்றார்.

"அப்ப சரி. அவனை விட்டிருந்தீங்களெண்டால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்."

அவனுடைய மனைவி ஆனா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் விரேமுவிடம் பேசவில்லை. என்னைப் பார்த்து, மெதுவாக, மரியாதையாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, கணக்கைத் திரும்ப ஒருக்கா பாத்தனீங்களோ?"

மூன்று தரம் பார்த்தேன் என்றேன். தலையாட்டினாள். எங்களை உட்காரச் சொன்னாள். தேநீரும், அடுப்பிலிருந்து இறக்கியிருந்த மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள். இங்கிலாந்தின் வடக்கில் ஒரு கழகம் தன்னைக் கேட்டிருப்பதாகவும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் ஆனாவின் தாயாரையும் விட்டுப் போக மனமில்லாமல் இரண்டு கிழமையாக அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பதாகவும் மனாசே சொன்னான். இங்கேயே வேறு வேலை பார்க்கலாமா என்று யோசிப்பானாம். நாங்கள் கிழங்கைச் சாப்பிட்டோம். நான் மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் நான்காவது தரமும் கணக்கைப் பார்த்தேன். பிழை இருக்கவில்லை.

வியாழக்கிழமை ரீஸ் என் மேசைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. மனாசேயைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது அவனுக்கு அன்று காலைதான் தெரிந்திருக்கிறது.

"ஆன்ட்டி, நான் குறைச்சால் அவர் இருக்கலாமோ? எவ்வளவு குறைக்க வேணும் எண்டு சொல்லுங்கோ."

 ஒருவனின் சம்பளத்தை இன்னொருவனுக்குச் சொல்லக்கூடாது என்பது என் வேலையின் முதல் விதி. அடங்கும் என்றாலும் அடங்காது என்றாலும் மனாசேயின் தொகையைச் சொன்னதாகிவிடும். விரேமுவைக் கூப்பிட்டேன். அவர் ரீஸை உட்காரவைத்து எல்லாம் கேட்டார். பதிவு ஆகும்வரை தொகையை மாற்றலாம் என்று விதி இருப்பதை மறைக்காமல் சொன்னார். குறைத்த பணத்தைப் பிறகு வேறு வழியில் தருவோம் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது, அது மோசடி, போனால் போனதுதான் என்றும் சொன்னார். இன்றைக்கு எதையும் எழுதமாட்டேன், வீட்டுக்குப் போய் அப்பாவோடும் முகவரோடும் கதைத்துவிட்டு நாளைக் காலை வா என்று அனுப்பிவைத்தார்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ரீஸ் அப்பாவுடன் வந்தான். அவர் வேலைச் சீருடையிலேயே இருந்தார். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ரீஸ் ஒரு தாளை மேசையில் வைத்தான். முதல் வருடச் சம்பளத்தில் பெரிய பங்கைக் குறைத்து எழுதியிருந்தான். முகவர் சம்மதிக்கவில்லையாம், அப்பாவும் சம்மதிக்கவில்லையாம், ஆனாலும் தான் தீர்மானித்துவிட்டானாம்.

அவனுடைய அப்பா கோபப்படவில்லை. விரேமுவைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கும் மனாசே மாதிரி நல்ல ஆக்கள் முன்னால நிண்டவைதான். என்ர கால் போன அண்டைக்கு அவையும் அழுதவை. அடுத்த கிழமை ஆருக்கும் தங்கட வாடகை கட்டுற அலுவல். இவனுக்கு இண்டைக்கு இருபத்தஞ்சு வயசு. இண்டைக்குக் கிடைக்கிறதுதான் இவனுக்குக் கிடைக்கிறது."

ரீஸ் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தாளையும் திருப்பி எடுக்கவில்லை. சட்டப்படி அவனுடைய கையெழுத்துத்தான் வேண்டும். விரேமு அரை மணி நேரம் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். நான் புதிய தொகையைத் தட்டச்சு செய்யப் படிவத்தைத் திறந்தேன்.  மகன் செய்வதும் சரி, தகப்பன் சொல்வதும் சரி என்று இரண்டும் ஒன்றாகத் தோன்றினால் மனிதர் என்ன செய்வது?

அப்போதுதான் மனாசே உள்ளே வந்தான். முதல்நாள் மாலை ரீஸ் சந்தோஷம் தாங்காமல் அவனை அழைத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். மனாசே கையில் கடிதம் வைத்திருந்தான். அன்று விடியற்காலையே இங்கிலாந்துக் கழகத்துக்குச் சம்மதம் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பிவிட்டதன் பிரதி. அதை என் மேசையில் வைத்தான்.

"இனி இவன் குறைச்சாலும் நான் இங்க இல்லை, ஆன்ட்டி. முழுசாப் போடுங்கோ."

ரீஸ் எழுந்து அவனோடு வாக்குவாதம் செய்தான். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மனாசே அவனுடைய அப்பாவைப் பார்த்துவிட்டு அவனிடம் சொன்னான்.

"உன்ர அப்பா எங்கட தெருவுக்குத்தான் பார்சல் கொண்டு வாறவர். அவர் அந்தக் காலோட வானில இருந்து இறங்கிறதை நான் ஒவ்வொரு கிழமையும் பாக்கிறனான்."

 ரீஸின் அப்பா நாற்காலியின் கையை ஊன்றி எழும்பினார். எழும்ப நேரமெடுத்தது, மனாசே காத்து நின்றான். இருவரும் கைபிடித்துக்கொண்டார்கள். ரீஸ் தன் தாளைத் தானே எடுத்து மடித்தான். நண்பகலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது பட்டியலைப் பதிந்தேன், அவனுடைய முழுச் சம்பளத்தோடு.

எல்லோரும் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். ரீஸ் குறைத்து எழுதியிருந்த தொகையை அவன் வரியிலும், மனாசேயின் பழைய சம்பளத்தை அவன் வரியிலும் போட்டுப் பார்த்தேன். கூட்டுத்தொகை வந்தது. பார்த்துவிட்டு அழித்தேன். விரேமுவிடம்கூடச் சொல்லவில்லை.

அடுத்த பருவம் ரீஸ் ஆடியது போல ஒருவரும் ஆடி நான் பார்த்ததில்லை. அவனால்தான் இறுதிப் போட்டிக்கு ஒரு படி கீழே வரை போனோம். அந்த ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் எங்கள் முன்வரிசை களைத்துப் போனது. புதிதாக வந்த இளம் ஆட்கள் மனசு வைத்துத்தான் ஆடினார்கள், ஆனால் எழும்ப நேரமெடுத்தது. ரீஸுக்கு அந்த ஒரு விநாடி கிடைக்கவில்லை. இரண்டு தரம் பந்து கையிலிருந்து பறிபோனது, தோற்றோம். திங்கட்கிழமை குழுத் தலைவர் என்னை அழைத்து, நீ எழுதித் தந்த அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தேன் என்றார். நான் எழுதியது சரியாகப் போனதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவன் இல்லாமல் அந்தப் படி வரையும் போயிருக்க மாட்டோம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒப்பந்தத்தின் மூன்றாம் வருடம் ரீஸின் தோள்மூட்டு விலகியது. இரண்டு அறுவைச் சிகிச்சை. திரும்பி வந்து ஆடினான், ஆனால் பழைய ரீஸ் இல்லை. இவ்வளவு சம்பளத்துக்கு இதுதானா என்று பார்வையாளர்களில் சிலர் கூச்சல் போட்டார்கள். கடைசி வருடத்தில் பாதிப் பணத்தோடு அவனை அனுப்பிவிட முடியுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். விரேமு, ஒப்பந்தத்தில் நாங்களும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடித்தார். இருபத்தொன்பது வயதில் ரீஸ் ஆட்டத்தை விட்டான். அதற்கு முன்பே பெற்றோருக்கு மாடிப்படியில்லாத ஒரு வீடு வாங்கிக் கொடுத்திருந்தான். அப்பா வான் ஓட்டுவதை நிறுத்தியிருந்தார்.

நித்யாவுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நான் இருந்த காலத்தில் ஏழாம் எண்ணுக்கு அள்ளிக் கொடுத்தும் பார்த்தோம், கொடுக்காமலும் பார்த்தோம். கப் வரவில்லை. அமெரிக்காவில் குறைந்த சம்பளத்தில் ஒரு நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்த வருடங்களில் கப் எடுத்த அணிகள் உண்டு என்று கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அப்படி ஒருவன் குறைந்த விலைக்குக் கிடைத்தான் என்றால் அந்த வித்தியாசத்தைத் தன் உடம்பிலிருந்து கொடுத்தது அவன்தான் என்பதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தாளைப் போடு, நித்யா. நேர்மையாகப் போடு. பிறகு அது எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்கு நீயும் போ.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன், மனாசே, ரீஸ் இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற வருடம் ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் மனாசேயைக் கண்டேன். இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்து சாரம் கட்டும் தொழில் நடத்துகிறான். தாடி நரைத்திருந்தது. ஆனாவும் கூட இருந்தாள். என் பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரித்தான். தாயாரின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருக்க முடியவில்லை என்று ஆனா சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னாள். அவள் கீரை வாங்க நகர்ந்ததும் மனாசே குரலைத் தாழ்த்தினான்.

"ஆன்ட்டி, ஒண்டு கேக்கலாமோ? அண்டைக்கு ரீஸ் குறைச்சிருந்தால், நான் பட்டியலுக்க அடங்கியிருப்பனோ?"

அத்தனை வருடம் ஒருவரிடமும் சொல்லாத கணக்கு. இல்லை என்று சொல்லிவிடத்தான் வாய் முதலில் வந்தது. எப்படியும் போயிருக்கத்தான் வேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது பொய் சொல்ல முடியவில்லை.

"ஓம், மனாசே. அடங்கியிருப்பீர். கொஞ்சம் மிச்சமும் இருந்தது."

அவன் தலை குனிந்து நின்றான். நான் பயந்துபோனேன். நிமிர்ந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது.

"நல்லது. இடமில்லாத பட்டியலில இருந்து விலகினனோ எண்டு இவ்வளவு காலமும் யோசிச்சுக்கொண்டிருந்தனான். அப்ப நான் குடுத்தது உண்மையாவே குடுத்ததுதான்" என்றான்.